ஹார்மோன் மாத்திரையை நடுவில் விடாமல் போட: மார்புப் புற்றுநோய்க்குப் பின் வரும் பக்கவிளைவுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

லெட்ரசோல் என்ற ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிய மூன்றாவது மாதம். ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெரு அடிபம்பின் பிடியை என்னால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. பின்னால் குடத்தோடு நின்ற பெண், "தள்ளுங்கக்கா, நான் அடிச்சுத் தரேன்" என்றாள். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். எட்டு வயதிலிருந்து அந்தப் பம்பை அடித்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு அழவில்லை, கீமோவில் முடி கொட்டியபோதும் அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஏழு வாரம். செக்கப்புக்குப் போனபோது சிஸ்டர், "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டார். "போடுறேன் சிஸ்டர்" என்றேன். டாக்டரும் நோட்டில் அப்படியே எழுதிவிட்டார். எனக்கு வந்த வலிக்கு வழி இருந்தது, நான் வாயைத் திறக்காததால் யாரும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது நாலாவது வருடம். வீட்டில் உட்கார்ந்து எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைப்பதுதான் தொழில், டாக்டர் இல்லை. இங்கே இருப்பவை என் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும், எனக்கே பட்டுத் தெரிந்தவையும். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும்.

முதலில், உங்கள் மாத்திரை எது?

அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் பொடி எழுத்தில் கீழே இருக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்து.

உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர் பாசிட்டிவ் அல்லது பிஆர் பாசிட்டிவ் என்று இருந்திருக்கும். அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை என்று அர்த்தம். ஆபரேஷன், கீமோ, கரண்டு வைப்பது (ரேடியேஷன்) எல்லாம் முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத செல் எங்காவது ஒளிந்திருந்தால், அதற்குச் சாப்பாடு போகாமல் செய்வதுதான் இந்த மாத்திரையின் வேலை.

டமாக்சிஃபென், 20 மில்லிகிராம். இது ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தில் முன்னாடியே உட்கார்ந்துகொள்ளும். 1962ல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இங்கிலாந்தில் உருவாக்கிய மருந்து. மாதவிடாய் நிற்காதவர், நின்றவர் இருவருக்கும் கொடுப்பார்கள். மார்பில் ஹார்மோனைத் தடுக்கும், ஆனால் கர்ப்பப்பையில் ஹார்மோன் மாதிரியே நடந்துகொள்ளும். இதன் தொந்தரவுகள் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

அடுத்த கூட்டம் லெட்ரசோல் 2.5, அனாஸ்ட்ரோசோல் 1, எக்ஸமெஸ்டேன் 25 மில்லிகிராம். மாதவிடாய் நின்ற பிறகும் நம் கொழுப்பு, சதை இவற்றில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாராகிக்கொண்டே இருக்கும். அந்தத் தயாரிப்பையே இவை நிறுத்துகின்றன. அதனால் மூட்டும் எலும்பும் காய்ந்துபோகிற மாதிரி ஆகும். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இதை மட்டும் கொடுத்தால் பலன் இல்லை, சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கோசரலின் என்றால் வழக்கமாக 28 நாளுக்கு ஒரு முறை வயிற்றுத் தோலடியில். இந்த மாத்திரைகள் போடும்போது திடீரென்று மறுபடி தீட்டு வந்தால், 'சரி, உடம்பு தேறுது' என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் ஓடுங்கள். மாத்திரை வேலை செய்யாமல் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

வழக்கமாக ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வரை. அத்தனை வருடம் எதற்கு என்று நானும் கேட்டேன். டமாக்சிஃபெனை ஐந்து வருடம் போட்டவர்களில், இந்த நோயால் சாகிறவர்களின் எண்ணிக்கை பதினைந்து வருடக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் கணக்கைக் கேட்டபிறகுதான் என் ஏழு வாரம் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உறைத்தது.

இரண்டாவது, இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

மளிகைக் கணக்கு நோட்டு போதும். தேதி, மாத்திரை போட்ட நேரம், எது தொந்தரவு, பத்துக்கு எத்தனை, எந்த வேலை நின்றது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'கை வலிக்குது' என்றால் டாக்டருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. 'காலையில் முக்கால் மணி நேரம் கத்திரிக்கோல் பிடிக்க முடியலை, நாளுக்கு பன்னிரண்டு நைட்டி தைத்த நான் ஐந்துதான் தைக்கிறேன்' என்றால் நிமிர்ந்து பார்ப்பார். நான் பார்த்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

உடம்பு குப்பென்று எரிவது

மார்பில் தொடங்கி கழுத்து, முகம் என்று அனல் ஏறும். வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிக் குளிரும். இரண்டு வகை மாத்திரையிலும் வரும், டமாக்சிஃபெனில் கொஞ்சம் அதிகம். உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி, ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் சின்ன மாற்றத்துக்கும் பதறிவிடுவதுதான் காரணம்.

குளிர்ந்த ஊர்க்காரர்கள் 'ஜன்னலைத் திற' என்று எழுதுவார்கள். நம் பக்கத்துச் சிக்கல் வேறு. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம், வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அதிலும் அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே! அதனால் காற்று நேரே உடம்பில் படுவதுதான் முக்கியம். தலைமாட்டில் ஒரு டேபிள் ஃபேன், ஈரத் துண்டால் கழுத்தும் மணிக்கட்டும் துடைப்பது, சுத்தப் பருத்தி நைட்டி. நைட்டி தைக்கிறவள் சொல்கிறேன், 'காட்டன்' என்று விற்பதில் பாலியஸ்டர் கலந்தது நிறைய. நுனியில் ஒரு நூல் உருவி எரித்துப் பாருங்கள், உருகி முடிச்சுப் போட்டால் கலப்படம். கரண்டு போகும் இரவுகளுக்கு மண்பானைத் தண்ணீரும் விசிறியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எது கிளப்பிவிடுகிறது என்று நோட்டில் தெரிந்துவிடும். எனக்குச் சூடான டீயும் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவும். டீயை ஆற்றிக் குடிக்கப் பழகிவிட்டேன். அத்தோவை விட முடியவில்லை, மாதம் ஒரு தடவை எரிந்தால் எரியட்டும் என்று சாப்பிடுகிறேன்.

ராத்திரி தூக்கமே போகிற அளவுக்கு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்சிபியூட்டினின் என்று ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்சின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து. 'என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா' என்று என் நாத்தனார் பதறினாள். இல்லை, குறைந்த அளவில் அதே மருந்து இந்த எரிச்சலையும் குறைக்கும். மாத்திரை நேரத்தைக் காலையிலிருந்து ராத்திரிக்கோ மறுபக்கமோ மாற்றினால் சிலருக்குக் குறைகிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள், அப்புறம் அதே நேரத்தில் தொடருங்கள்.

மூட்டு வலி, விறைப்பு: அதிகம் பேர் மாத்திரையை விடுவது இங்கேதான்

லெட்ரசோல் கூட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். காலையில் எழுந்ததும் உச்சம், நடமாட நடமாடக் குறையும். விரல், மணிக்கட்டு, முழங்கால், குதிகால். சிலருக்கு ஒரு விரல் மடங்கி மாட்டிக்கொண்டு டக்கென்று விடும். சிலருக்கு ராத்திரியில் கை மதமதத்துப்போகும், மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது அது. படுக்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினால் பலருக்கு அடங்கும்.

நம்ப மாட்டீர்கள், வலிக்கு முதல் மருந்து நடைதான். யேல் பல்கலைக்கழகத்தில் இந்த மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களை வைத்து ஒரு வருடம் பார்த்திருக்கிறார்கள். வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி என்று செய்தவர்களுக்கு வலி 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. சும்மா இருந்தவர்களுக்கு மாற்றமே இல்லை. 2015ல் வெளியானது.

நான் செய்கிற முறை இது:

1. கண் விழித்ததும் எழுந்திருக்காமல் படுக்கையிலேயே கை மூடித் திறப்பது இருபது தடவை, பாதத்தைச் சுழற்றுவது பத்துத் தடவை.
2. கை பொறுக்கும் சூட்டில் ஒரு பேசின் தண்ணீர். பத்து நிமிடம் கை உள்ளே இருக்கட்டும், உள்ளேயே ஒரு பழைய துணியைப் பிழிந்து பிழிந்து விடுங்கள். அந்தத் துணிதான் என் விரலை மீட்டது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்குகிறவர்கள் வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரிலேயே பிழியுங்கள்.
3. நடை. முதல் வாரம் பத்து நிமிடம் போதும், வாரா வாரம் ஐந்து கூட்டுங்கள். நான் ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குப் போகிறேன். 1949ல் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் அது, என் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை. வேகம் எவ்வளவு என்றால், பேச முடியணும், பாட முடியக்கூடாது.
4. வாரம் இரண்டு நாள் எடை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, சுவரைத் தள்ளுவது பத்து. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் மிகக் குறைவாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். கை கனத்தாலோ வளையல் இறுகினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எடுத்த எடுப்பில் முழுக்குடம் தூக்குவது வேண்டவே வேண்டாம்.

ஆறு வாரமாவது ஆகும். மூன்றாவது வாரத்தில் 'இதெல்லாம் வேஸ்ட்' என்று தோன்றும்.

மெடிக்கல் ஷாப்பில் 'வலிக்கு ரெண்டு குடுங்க' என்று தினமும் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகமும் வயிறும் போகும். பாராசிட்டமால் எவ்வளவு என்று கேட்டுப் போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் எழுதித் தரும் டுலோக்சிடின் மாத்திரை இருக்கிறது. அக்குபங்சரும் சிலருக்கு உதவுவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, எனக்கு முதலில் யாரும் சொல்லாதது. டாக்டரே இரண்டு மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவைத்து, வலி அடங்கியபின் அதே கூட்டத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. நான் இப்போது எக்ஸமெஸ்டேனில் இருக்கிறேன். அதைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். காலையில் பத்து நிமிடம் விறைப்பு இருக்கிறது, பம்பு அடிக்க முடிகிறது. உங்களுக்கும் இப்படியே பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். அதுவும் ஆகாவிட்டால் டமாக்சிஃபெனுக்கு மாற்றுவார்கள்.

எலும்பு

வலிக்காமல் தேய்கிற விஷயம் இது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். லெட்ரசோல் கூட்டம் தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள், பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது.

சுண்ணாம்புச் சத்து நாளுக்கு 1200 மில்லிகிராம் அளவு, சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து. நூறு கிராம் கேழ்வரகில் 350க்கு மேல் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 240 அளவு. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறோமே, அந்த முள்தான் சத்து. நெத்திலிக் கருவாட்டிலும் உண்டு, பிரஷர் இருப்பவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரை என்றால் ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம், உடம்பு எடுத்துக்கொள்ளாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். விட்டமின் டி ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்துகிற ஊரில் அது எப்படிக் குறையும் என்று நானும் வாதாடினேன், குறைந்துதான் இருந்தது. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வெயில் எங்கே படும்?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எலும்புத் தேய்வைத் தடுக்கும் சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப் போடச் சொன்னால், அதற்கு முன் பல் டாக்டரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கிவிட வேண்டும். டிரிப் போட்ட பிறகு பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கீழே

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை யாரும் எழுதாததால்தான் பெண்கள் தனியாகக் கஷ்டப்படுகிறார்கள்.

லெட்ரசோல் கூட்டம் பிறப்புறுப்பை வறட்சியாக்கும். எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, புருஷனோடு சேரும்போது வலி. ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் வாரம் இரண்டு மூன்று தடவை, சேரும்போது தண்ணீர் கலவையான வழுக்கும் ஜெல். தேங்காயெண்ணெயும் சிலர் போடுகிறார்கள், ஆணுறையோடு மட்டும் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். அங்கே சோப்பு வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்று மகப்பேறு டாக்டர் எழுதினால், கேன்சர் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஜெல் கேட்க மெடிக்கல் ஷாப்பில் வெட்கமா? சீட்டில் எழுதி நீட்டுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

டமாக்சிஃபெனில் மாறாக வெள்ளைப்படுதல் இருக்கும். நாற்றமோ அரிப்போ இல்லாவிட்டால் பயமில்லை. மாதவிடாய் தவறினாலும் கரு உண்டாகலாம், டமாக்சிஃபென் போடும்போது கர்ப்பம் கூடவே கூடாது. கர்ப்பத்தடை மாத்திரையும் ஆகாது, அதில் ஹார்மோன் இருக்கிறது. காப்பர்-டி அல்லது ஆணுறை.

மறதி, சட்டென்று எரிந்து விழுவது, எடை ஏறுவது, முடி மெலிவது எல்லாம் இருக்கும். நடை இதில் பாதிக்கு உதவும். மனசு இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே கிடந்தால் அதையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

எதைச் சேர்த்துப் போடக்கூடாது

டமாக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாறினால்தான் முழு வேலை நடக்கும். பராக்சிடின், ஃபுளூக்சிடின், புப்ரோபியான் ஆகிய மருந்துகள் அந்த மாற்றத்தைத் தடுக்கும். மேலே சொன்ன டுலோக்சிடினும் ஓரளவு தடுக்கும், அதனால் அது லெட்ரசோல் கூட்டத்தினருக்குத்தான் சரி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் உங்கள் அட்டையை மேஜையில் வையுங்கள். வேறு மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் அதைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நாட்டு மருந்து. ராசப்ப செட்டி தெருவில் கிடைக்காத மூலிகை இல்லை, எனக்கும் சொந்தக்காரர்கள் பை பையாக வாங்கி வந்தார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் இரண்டும் ஹார்மோன் மாதிரி வேலை செய்யக்கூடியவை என்பதால் வேண்டாம். மஞ்சள்? குழம்பில் போடுவது சரி. மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் அடைத்த கேப்ஸ்யூல் டமாக்சிஃபெனோடு போட்டால் எண்டாக்சிஃபென் அளவு குறைகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள், அது வேண்டாம். சோயா சாப்பாடாக இருக்கட்டும், மாத்திரையாக வேண்டாம்.

நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் ஓட வேண்டியவை

டமாக்சிஃபென் போடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே ஆஸ்பத்திரி. திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, வாய் கோணுவது, ஒரு பக்கம் இழுப்பது என்றால் 108. ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். வேறு ஆபரேஷன் ஏதாவது நடக்கப்போகிறது என்றாலும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு டாக்டர். டமாக்சிஃபெனால் கர்ப்பப்பையில் புற்று வருவது அரிது, மாதவிடாய் நின்றவர்களில் வருடத்துக்கு ஆயிரம் பேரில் இரண்டு மூன்று பேர் அளவு, சீக்கிரம் பார்த்தால் குணமாவது. கண் மங்கினால் கண் டாக்டர், டமாக்சிஃபென் கண்புரையைச் சீக்கிரம் கொண்டுவரலாம்.

டாக்டரிடம் பேசுவது எப்படி

ஓ.பி.யில் உங்களுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக, 'மாத்திரையை விட்டுடலாமான்னு தோணுது டாக்டர்' என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பயந்துதான் நான் பொய் சொன்னேன். ஆறு மாதம் கழித்து உண்மையைச் சொன்னபோது அவர் திட்டவில்லை, "எந்த மாசம் நிறுத்தினீங்க, எந்தக் கை?" என்றுதான் கேட்டார். நோட்டைத் திறந்து காட்டுங்கள், அதிகத் தொந்தரவு இரண்டு மட்டும். பிறகு மூன்று கேள்வி: இதைக் குறைக்க என்ன செய்யலாம்? மாத்திரையை மாற்ற முடியுமா? எவ்வளவு நாளில் தெரியும்?

டமாக்சிஃபெனைப் பாதியாக உடைத்துப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 5 மில்லிகிராம் ஆய்வு ஒன்று இருக்கிறது, ஆனால் அது பக்கத்துச் சதைக்குள் ஊடுருவாத, மிக ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கானது. நீங்களாக உடைக்காதீர்கள்.

தீர்ந்துபோகாமல், மறக்காமல்

அட்டையில் பத்து மாத்திரை மீதி இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், முக்கியமாகப் பொங்கல், தீபாவளி லீவுக்கு முன்பு. விலை கட்டுப்படியாகாவிட்டால் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் மருந்தின் பொடி எழுத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் ஞாபகம் வந்தபோது போடலாம், மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டது விட்டதுதான், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். எங்கள் வீட்டில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் மாத்திரை தொங்குகிறது. மாத்திரை போட்டால்தான் தாள் கிழிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு விடிந்ததும் ராசிபலன் பார்க்கிற அவசரம், இரண்டு தடவை அவரே கிழித்துவிட்டார். இப்போது அவருக்குத் தனியாக ஒரு காலண்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன்.